சிறுநீரகம் தளர்ந்தவர்கள் கீரை சாப்பிடலாமா? பொட்டாசியக் கணக்கு ஒரு எளிய விளக்கம்

சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று ஒருவருக்குத் தெரியவந்த உடனே, சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் அறிவுரைகளில் ஒன்று, "இனிமேல் கீரையைத் தொடாதே" என்பது. அக்கறையில்தான் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. கீரையில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் பொட்டாசியம் உடம்பில் தேங்கலாம். தேங்கினால் இதயத்துக்கு ஆபத்து. இதுவரை சரி. ஆனால் இதிலிருந்து, சிறுநீரக நோய் வந்த எல்லோரும் எல்லாக் கீரையையும் அடியோடு நிறுத்த வேண்டும் என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. பலருக்குக் கீரையை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. சிலர் வகையும் அளவும் பார்த்துச் சாப்பிட வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும் சிலர் மட்டும், அது இறங்கும் வரை கொஞ்சம் ஒதுங்கியிருக்க வேண்டும். நாம் இதில் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பொட்டாசியத்துக்கு உடம்பில் என்ன வேலை?

நரம்பு செய்தி அனுப்புவதற்கும், தசை சுருங்கி விரிவதற்கும், இதயம் சீராகத் துடிப்பதற்கும் பொட்டாசியம் வேண்டும். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது மிகச் சிறிய பங்குதான். ஆனால் அந்தச் சிறிய பங்கு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் இதயத் துடிப்பின் தாளம் மாறிவிடும். அதனால்தான் உடம்பு அதை ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கப் பாடுபடுகிறது. ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. சில லேப்களில் மேல் எல்லையை 5.1 என்றோ 5.3 என்றோ போட்டிருப்பார்கள். சில ரிப்போர்ட்டுகளில் மில்லிமோல் என்பதற்குப் பதிலாக மில்லி ஈக்விவலன்ட் என்று இருக்கும். பொட்டாசியத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே எண்தான், குழம்ப வேண்டாம். 5.5-ஐத் தாண்டினால் மருத்துவர் கவலைப்படத் தொடங்குவார். 6.0-க்கு மேல் போனால் இசிஜி எடுத்துப் பார்த்து, உடனே இறக்குவதற்கான வழியைத் தேடுவார்.

சாப்பாட்டில் வரும் பொட்டாசியத்தில் சுமார் 90 சதவீதத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. மிச்சம் மலத்தோடு போகிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவர் ஒரு வேளை நிறையக் கீரை சாப்பிட்டாலும், கூடுதலாக வந்தது சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் வேண்டும் என்று சொல்கிறது. அது ரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும். கீரை நிறையச் சாப்பிடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் அறிவுரை இந்தக் கணக்கில் வருவது.

சிறுநீரகம் தளரும்போது நடப்பது வேறு. ஆனால் அதுவும் ஒரே நாளில் நடந்துவிடுவதில்லை. பழுதாகாமல் மிஞ்சியிருக்கும் பகுதி கூடுதலாக உழைத்து, ஒவ்வொரு நுண்வடிகட்டியும் முன்பைவிட அதிகப் பொட்டாசியத்தைத் தள்ளுகிறது. குடலும் தன் பங்குக்கு மலத்தின் வழியே கொஞ்சம் அதிகமாக வெளியேற்றுகிறது. அதனால் நோய் இருந்தும் பலருக்கு நெடுநாள் பொட்டாசியம் சரியான எல்லைக்குள்ளேயே இருக்கும். ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் என்று ஒரு எண் இருக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணித்துச் சொல்லும் எண் அது. 60-க்கு மேல் இருப்பவர்களுக்கு உணவால் பொட்டாசியம் ஏறுவது அபூர்வம். 30-க்குக் கீழே போகப்போக வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. நீரிழிவு இருந்தாலோ, சில மருந்துகள் சாப்பிட்டாலோ அதற்கு முன்பேகூட ஏறலாம்.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது கீரையை அல்ல, ரிப்போர்ட்டை. இஜிஎஃப்ஆர் 50, பொட்டாசியம் 4.3 என்று இருப்பவர் கீரையை நிறுத்துவதற்குக் காரணமே இல்லை. இஜிஎஃப்ஆர் 22, பொட்டாசியம் 5.6 என்று இருப்பவர் மேலே படிக்கத்தான் வேண்டும்.

நிறுத்தினால் என்ன இழக்கிறோம்?

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயத்தில் கீரையையும் காய்கறியையும் மொத்தமாக விட்டவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தை வெள்ளை ரொட்டி, பிஸ்கட், பாக்கெட் தீனி என்று நிரப்பிக்கொள்கிறார்கள். முதலில் வருவது மலச்சிக்கல். மலமும் பொட்டாசியம் வெளியேறும் ஒரு வழி என்று பார்த்தோம் இல்லையா? சிறுநீரக வழி குறுகிப்போனவருக்கு அந்த இரண்டாவது வழி இன்னும் முக்கியம். நார்ச்சத்தை விட்டு அதையும் அடைத்துக்கொண்டால், பொட்டாசியத்துக்குப் பயந்து செய்த காரியமே பொட்டாசியத்தைத் தேக்கிவிடும்.

இரண்டாவது விஷயம் அமிலம். தளர்ந்த சிறுநீரகத்தால் உடம்பில் உண்டாகும் அமிலத்தையும் முழுதாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அமிலத்தன்மை கூடினால் செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து ரத்தத்தில் சேரக்கூடும். இறைச்சி, சீஸ் போன்றவை அமிலச் சுமையைக் கூட்டும். கீரை, காய், பழம் எல்லாம் அதற்கு நேர்மாறு. அவை செரித்த பிறகு உடம்பில் காரத்தன்மையைச் சேர்க்கின்றன. சிறுநீரக நோயாளிகளின் அமிலத்தன்மையைக் குறைக்கக் காய்கறியும் பழமும் உதவுகின்றன என்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

இதனால்தான் மருத்துவ உலகின் பேச்சும் மாறிவருகிறது. முன்பெல்லாம் சிறுநீரக நோய் என்றாலே பொட்டாசியம் நிறைந்த காய், பழம், கீரையின் பட்டியலைக் கொடுத்து எல்லாவற்றையும் அடித்துவிடச் சொல்வார்கள். 2020-இல் வந்த அமெரிக்கச் சிறுநீரக ஊட்டச்சத்து வழிகாட்டி, ரத்தத்தின் அளவு சரியான எல்லைக்குள் இருக்கும்படி உணவை ஆளுக்கேற்ப அமைக்கச் சொன்னது. கேடிகோ என்று அழைக்கப்படும் சர்வதேச அமைப்பின் 2024 வழிகாட்டி, தாவர உணவை அதிகமாகவும், மிகையாகப் பதப்படுத்திய உணவைக் குறைவாகவும் சாப்பிடச் சொல்கிறது. பொட்டாசியம் ஏறியவர்களுக்கும், எளிதில் உறிஞ்சப்படும் பொட்டாசியம் கொண்ட பதப்படுத்திய உணவுகளைக் குறைக்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்கிறது.

கீரைக்கு முன்னால் தேட வேண்டிய இடங்கள்

பொட்டாசியம் 5.7 வந்துவிட்டது. நேற்று கீரை சாப்பிட்டோமே, அதுதான் காரணம் என்று முடிவுகட்டுவது சுலபம். பல நேரம் காரணம் வேறு எங்கோ இருக்கும்.

முதலில் மருந்துப் பெட்டி. ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகப் பாதுகாப்புக்கும் கொடுக்கப்படும் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியவை. ஸ்பைரோனோலாக்டோன் இன்னும் அதிகமாக ஏற்றும். வலிக்காகப் போடும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும், டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கே கெடுதல் என்பது தனிக்கதை. ஆனால் இதைப் படித்துவிட்டு அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முதல் நான்கு மருந்துகளும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பாற்றுவதற்காகவே கொடுக்கப்படுபவை. அளவை மாற்றுவதா, கூட வேறு மருந்து கொடுப்பதா, பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும் மருந்தைச் சேர்ப்பதா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார்.

அடுத்தது உப்பு டப்பா. இதைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்பங்கரையில் ஒட்டினாலும் தகும் என்று நினைக்கிறேன். சோடியம் குறைந்த உப்பு, இதயத்துக்கு நல்ல உப்பு என்றெல்லாம் விற்கப்படுவதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் 520 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. அரை கப் வெந்த பாலக்கீரையில் இருப்பது சுமார் 420. கீரையை ஒதுக்கிவிட்டு அந்த உப்பை மூன்று வேளையும் போட்டுச் சாப்பிடுகிறவர், ஒதுக்கியதைவிட அதிகமாக உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கலாம். இப்படிப்பட்ட உப்பைப் பற்றி 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியில் உலக சுகாதார நிறுவனம், வழக்கமான உப்புக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என்ற தன் பரிந்துரை சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பொருந்தாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு என்றோ 508 என்ற எண்ணோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பதப்படுத்திய இறைச்சி, பாக்கெட் சூப், உடனடி உணவு இவற்றிலும் பொட்டாசியம் குளோரைடு, பொட்டாசியம் பாஸ்பேட், பொட்டாசியம் லாக்டேட் என்று ஒளிந்திருக்கும். இப்படிச் சேர்மானமாக வரும் பொட்டாசியம் வேகமாகவும், ஏறக்குறைய முழுதாகவும் ரத்தத்தில் கலந்துவிடும்.

இவை தவிர, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதது, ஒரு தவணை டயாலிசிஸ் தவறியது, பல நாள் மலச்சிக்கல் இவையும் காரணமாகலாம். ரத்தம் எடுத்த விதம்கூடக் காரணமாகலாம். கையை இறுக்கக் கட்டி, முஷ்டியைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் சொல்லி எடுத்தாலோ, குழாயில் ரத்த அணுக்கள் உடைந்துவிட்டாலோ, அணுக்களுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்து எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும். அதனால்தான் எதிர்பாராமல் அதிகமாக வந்த ரிப்போர்ட்டை மருத்துவர் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்.

எந்தக் கீரை, எவ்வளவு?

இதையெல்லாம் பார்த்த பிறகும் பொட்டாசியத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், அப்போது கீரைக்கு வரலாம். இங்கே மூன்று கேள்விகள்: எந்த இலை, வெந்த பிறகு எவ்வளவு, வெந்த தண்ணீர் எங்கே போனது.

இலைக்கு இலை வித்தியாசம் நிறைய. சிறுநீரக உணவியலில் ஒரு பரிமாறலுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் பொட்டாசியம் குறைந்த உணவு என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் முட்டைக்கோஸ் நல்ல நண்பன்: அரை கப் வெந்ததில் சுமார் 150 மில்லிகிராம். உருண்டையாக, மொறுமொறுவென்று இருக்கும் ஐஸ்பர்க் லெட்டூஸ் நறுக்கி ஒரு கப் எடுத்தால் சுமார் 100. கேல் என்ற மேல்நாட்டுக் கீரையும் வேகவைத்து வடித்தால் அவ்வளவு அதிகம் இல்லை. கடுகுக்கீரையும் வடித்த பிறகு 100 கிராமுக்கு 160 அளவில் நிற்கிறது. மறுபக்கம், அரை கப் வெந்த பாலக்கீரையில் 420, தண்டுக்கீரை வகையிலும் ஏறக்குறைய அதே அளவு, ஸ்விஸ் சார்டில் 480, பீட்ரூட் செடியின் இலையில் 650 வரை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 420 என்பதை வைத்துப் பார்த்தால் இவை எங்கே நிற்கின்றன என்று புரியும். இந்த எண்களெல்லாம் விதை, மண், பருவம் இவற்றைப் பொறுத்துக் கூடக் குறைய மாறும். வரிசை தெரிந்துகொள்வதற்காகத்தான் சொல்கிறேன், ஒற்றை மில்லிகிராமைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட அல்ல.

பட்டியலைப் பார்த்துப் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அளவு. பட்டியலில் "பாலக்கீரை, ஒரு கப், 170 மில்லிகிராம்" என்று இருக்கும். இதோ குறைவாகத்தானே இருக்கிறது என்று ஒருவர் சமைக்கிறார். ஆனால் அந்த ஒரு கப் பச்சை இலை. எடை வெறும் 30 கிராம். ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பச்சை இலையைக் குவித்து மூடி போட்டு, ரெண்டு நிமிஷம் கழித்துத் திறந்து பாருங்கள்: இலையெல்லாம் துவண்டு, அடியில் ஒரு கைப்பிடி கரும்பச்சைப் பிண்டமாக ஒட்டிக்கிடக்கும். வெந்த பாலக்கீரை ஒரு கப் என்றால் 180 கிராம். அதில் சுமார் 840 மில்லிகிராம் பொட்டாசியம். கப் அதே கப்தான், உள்ளே இருப்பது ஐந்து மடங்கு. ஆகவே பட்டியலில் ஒரு எண்ணைப் பார்த்தால், அது பச்சையா வெந்ததா, கப்பா கிராமா என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

இதன் மறுபுறமும் உண்டு. கொத்தமல்லித்தழையில் 100 கிராமுக்கு 520 மில்லிகிராம் என்று பட்டியல் பயமுறுத்தும். ஆனால் மேலே தூவ எடுத்துக்கொள்வது நாலைந்து கிராம். அதில் இருப்பது 20, 25 மில்லிகிராம்தான். புதினா, பார்ஸ்லி எல்லாம் இதே கதை. உப்பைக் குறைத்துக்கொண்டு சாப்பிட வேண்டிய ஒருவருக்கு இந்தத் தழைகள் தரும் மணமும் ருசியும் பெரிய உதவி. அதைப் பிடுங்கிக்கொள்ளத் தேவையில்லை.

வடித்த தண்ணீர்

பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. இலையை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்தால் அதில் கணிசமான பங்கு தண்ணீருக்கு வந்துவிடும். சில நேரம் பாதி வரைகூட. இலை, நறுக்கிய அளவு, தண்ணீரின் அளவு, வெந்த நேரம் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும்.

செய்முறை எளிதுதான். கீரையைக் கழுவிவிட்டு, தண்டையும் இலையையும் பொடியாக நறுக்குங்கள். எவ்வளவு பொடியாக நறுக்குகிறோமோ அவ்வளவு பரப்பு தண்ணீரைத் தொடும். பெரிய பாத்திரத்தில் கீரையைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாமல் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதில் கீரையைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிஷம் போல வேகவிடுங்கள். தண்ணீர் பச்சையாக நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். அப்புறம் வடிதட்டில் கொட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திப் பிழியுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிடாதீர்கள். இலைகளுக்கு நடுவே தங்கும் தண்ணீரிலும் பொட்டாசியம் இருக்கிறது. பிழிந்த கீரையை இனி வதக்கலாம், பூண்டு போடலாம், எலுமிச்சை பிழியலாம், உங்கள் இஷ்டம். வடித்த தண்ணீரை மட்டும் கொட்டிவிட வேண்டும். சத்து வீணாகிறதே என்று அதையே சூப்பாக்கிக் குடித்தால் செய்த வேலைக்கெல்லாம் அர்த்தமில்லை.

குக்கரில் ஒரு கை தண்ணீர் தெளித்து வேகவைப்பது, ஆவியில் வேகவைப்பது, எண்ணெயில் நேராக வதக்குவது, மைக்ரோவேவ், இவை எதிலும் பொட்டாசியம் போவதற்கு இடமில்லை. உள்ளே இருந்தது உள்ளேயே இருக்கும். பச்சைத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைப்பதும் பலர் நம்பும் அளவுக்குப் பலன் தருவதில்லை. உருளைக்கிழங்கை வைத்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஊறவைத்ததால் மட்டும் பொட்டாசியம் சொல்லும்படியாகக் குறையவில்லை. துண்டுகளாக்கி வேகவைத்தபோது ஏறக்குறைய பாதியும், துருவி வேகவைத்தபோது முக்கால் பங்கும் குறைந்தது. கிழங்கு வேறு, இலை வேறு என்றாலும், நறுக்குவதும் கொதிக்கவிடுவதும்தான் வேலை செய்கிறது என்பது தெளிவு.

ஒரு எச்சரிக்கை. பட்டியலில் 100 கிராம் பச்சைப் பாலக்கீரையில் 558, 100 கிராம் வெந்து வடித்ததில் 466 என்று பார்த்துவிட்டு, "இவ்வளவு பாடுபட்டும் நூறுகூடக் குறையவில்லையே" என்று சிலர் சோர்ந்துபோகிறார்கள். 100 கிராம் வெந்த கீரைக்குப் பச்சையில் அதைவிட அதிகம் எடுத்திருப்போம். சுருங்கிய இலையை எடைக்கு எடை ஒப்பிடுவதால்தான் வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது. அதே நேரம், வடித்த பிறகும் பாலக்கீரை பொட்டாசியம் இல்லாத கீரையாக மாறிவிடாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. வடித்தாலும் அளவு அளவுதான்.

கூடவே, வடிக்கும்போது ஃபோலேட், வைட்டமின் சி போன்றவையும் தண்ணீரோடு போய்விடும். அதனால் ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருப்பவர்கள் முன்னெச்சரிக்கை என்று எல்லாவற்றையும் வடித்துக் கொட்ட வேண்டாம். இது தேவைப்படுகிறவர்களுக்கான முறை.

ஒரு நாளின் கணக்கு

பொட்டாசியம் ஏறியவர்களுக்கு மருத்துவரோ உணவியல் நிபுணரோ ஒரு நாளைக்கு 2,000 முதல் 3,000 மில்லிகிராமுக்குள் ஒரு எல்லையைச் சொல்வது வழக்கம். 2,000 சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரை கப் பாலக்கீரை அதில் ஐந்தில் ஒரு பங்கு. சாப்பிடவே முடியாத அளவு இல்லை. ஆனால் அன்றைக்கே உருளைக்கிழங்கும், தக்காளி விழுதும், வாழைப்பழமும், ஆரஞ்சுச் சாறும் சேர்ந்தால் கணக்கு உடைந்துவிடும். பாலிலும் பொட்டாசியம் இருக்கிறது, ஒரு கப்பில் 350 அளவுக்கு. இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. இலையில் மட்டும்தான் பொட்டாசியம் என்று நினைத்து, கீரையை விட்டுவிட்டு ரெண்டு டம்ளர் பால் கூடுதலாகக் குடிப்பவர்கள் உண்டு.

என் யோசனை இது: வழக்கமாகச் சாப்பிட முட்டைக்கோஸ், லெட்டூஸ் போன்ற குறைந்த வகைகளை வைத்துக்கொள்ளுங்கள். பாலக்கீரை, தண்டுக்கீரை மாதிரி பிடித்த கீரைகளை எப்போதாவது, வடித்து, அரை கப்புக்குள், அன்று மற்றவற்றைக் குறைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நன்றாக இருந்தால் நிபுணரிடம் கேட்டு இன்னும் தளர்த்திக்கொள்ளலாம். ஒருமுறை போட்ட தடையை ஆயுள் முழுவதும் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை.

ஜூஸும் பொடியும்

சமைத்த கீரைக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் நான், பச்சை ஜூஸுக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று நான்கு கைப்பிடி இலை உள்ளே போகும், வடிக்கும் வேலையும் கிடையாது. வடிகட்டிவிட்டால் நார்ச்சத்தும் போய்விடும். பொட்டாசியம் மட்டும் திரண்டு நிற்கும். முருங்கை இலைப்பொடி, கோதுமைப்புல் பொடி, பல இலைகளைக் கலந்த பச்சைப் பொடி எல்லாம் தண்ணீர் வற்றிய இலைகள். ஸ்பூன் சின்னது என்றாலும் உள்ளே நிறைய இலை இருக்கிறது. சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் எதையும், பொருளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டாமல் வாயில் வைக்காதீர்கள்.

ஜூஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பாலக்கீரை, ஸ்விஸ் சார்ட், பீட்ரூட் இலை மூன்றிலும் ஆக்சலேட் மிக அதிகம். அது கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி, சிறுநீரகக் கல்லாகலாம். மிக அதிகமானால் சிறுநீரகத் திசுவிலேயே படியலாம். பச்சை ஜூஸ் தொடர்ந்து குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்திருக்கின்றன. வேகவைத்து வடிப்பது இங்கேயும் கைகொடுக்கிறது, கரையும் ஆக்சலேட்டில் நல்ல பகுதி தண்ணீரோடு போய்விடும். கல் வந்தவர்கள் கேல், முட்டைக்கோஸ் போன்ற ஆக்சலேட் குறைந்தவற்றின் பக்கம் திரும்பலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரை விஷயத்தில் வேறு ஒன்றையும் கவனிக்க வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அவர்களுக்கு வேண்டியது ஒரே சீரான அளவு. ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாறிக்கொண்டிருந்தால் மருந்தின் அளவு குழம்பிவிடும். இந்தக் கட்டுரையைப் படித்துக் கீரையைக் கூட்டுவதாக இருந்தாலும் குறைப்பதாக இருந்தாலும், முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

டயாலிசிஸில் இருப்பவர்கள்

இங்கே ஒருவருக்குச் சொன்ன அறிவுரை இன்னொருவருக்குப் பொருந்தவே பொருந்தாது. வாரம் மூன்று முறை இயந்திர டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, இரண்டு தவணைகளுக்கு நடுவே பொட்டாசியம் சேர்ந்துகொண்டே வரும். வாரத்தில் ஒருமுறை வரும் நீண்ட இடைவெளிதான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நேரம். வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ நாள்தோறும் திரவத்தோடு பொட்டாசியம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அவர்களில் சிலருக்கு 3.5-க்குக் கீழே இறங்கி, பொட்டாசியம் உள்ள உணவைக் கூட்டிச் சாப்பிடும்படி மருத்துவரே சொல்வதுண்டு. பக்கத்துப் படுக்கைக்காரர் கீரையை விட்டுவிட்டார் என்று இவரும் விட்டால் அது தவறாகிவிடும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கு டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் பொட்டாசியத்தை ஏற்றலாம். நோய் எதிர்ப்பு அடக்கப்பட்டிருப்பதால், அவர்கள் கீரையை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிச் சமைத்துச் சாப்பிடுவதும் முக்கியம்.

பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் அறிகுறி எதையும் காட்டாது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்தை மாற்றிய பிறகும், இஜிஎஃப்ஆர் இறங்கிவரும் காலத்திலும் மருத்துவர் சொன்ன நாளில் ரத்தம் கொடுத்துவிடுங்கள். கை கால் திடீரென்று வலுவிழந்து போவது, நெஞ்சு படபடப்பது, துடிப்பு தவறுவது போலத் தோன்றுவது, மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும், முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய், சிறுநீரக நோய் இருப்பதையும் சாப்பிடும் மருந்துகளையும் முதலிலேயே சொல்லுங்கள்.